ரோமானிய மொழியில் இறந்தகாலம்: 'ஆம் மெர்ஸ்' எப்போது, 'மெர்ஜாம்' எப்போது?

மூன்றாம்_ஆண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ருமேனியாவில் யாஷ் நகரில் மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் இந்த வருடம் வார்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டோம், நோயாளிகளோடு அவர்கள் மொழியில்தான் பேச வேண்டும். முதல் இரண்டு வருடம் மொழி வகுப்பு இருந்தது, தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கினேன், ஆனால் கட்டில் பக்கத்தில் நின்று ஒருவரிடம் கேள்வி கேட்கும்போது இறந்தகாலத்தில் தடுமாறிவிடுகிறேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, காலில் வலி. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் நடந்தால் வலிக்குமா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். நான் கேட்டது: 'வா துரூத் கின்த் ஆத்ஸ் மெர்ஸ்?' பாட்டி என்னையே பார்த்தார். அப்புறம், 'கின்த்? உந்தெ ஆம் மெர்ஸ்?' என்றார். எப்போது, நான் எங்கே போனேன் என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த மருத்துவர் அதே கேள்வியை 'வ துர்யா கின்த் மெர்ஜாத்ஸ்?' என்று கேட்டார், உடனே பாட்டி கடைக்குப் போகிற வழியில் எத்தனை இடத்தில் நின்று நின்று போவார் என்று ஐந்து நிமிடம் சொன்னார்.

இரண்டும் இறந்தகாலம்தான் என்று புத்தகம் சொல்கிறது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரிதான் மொழிபெயர்ப்பு வருகிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இன்னொன்று, முன்னால் 'ஆம்' போடுகிற வடிவத்தில் பின்னால் வரும் சொல் சிலதுக்கு -ஆத், சிலதுக்கு -ஊத், சிலதுக்கு -ஸ் என்று முடிகிறது, இதற்கு ஏதாவது ஒழுங்கு உண்டா, இல்லை மனப்பாடம்தானா?

(ரோமானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படி எழுதினால்தான் மனதில் நிற்கிறது.)

பழைய_கிளுஜ்காரன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'நடந்தால் வலிக்குமா என்று கேட்க நினைத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'வலித்ததா' என்று எழுதவில்லை. தமிழில் உங்களுக்கு அது தானாகவே வந்துவிட்டது. பிறகு அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரோமானியத்துக்குக் கொண்டுவந்தீர்கள், வழியில் அந்த வித்தியாசம் கொட்டிப்போய்விட்டது.

நான் கிளுஜ் நகரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், ஆவணங்கள் மொழிபெயர்ப்பதுதான் தொழில். முதல் மூன்று வருடம் நானும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் இந்த மொழியைப் படித்தேன், அதனால் போன காலத்தை இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தமிழ் தெரிந்தவனுக்கு ரோமானிய இறந்தகாலத்தில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

நாம் சின்ன வயதைப் பற்றிப் பேசும்போது எப்படிச் சொல்வோம்? 'அப்போதெல்லாம் தினமும் ஆற்றுக்குப் போவோம், தாத்தா கதை சொல்வார், இருட்டினதும் தூங்கிவிடுவோம்.' நடந்ததெல்லாம் பழைய காலம், ஆனால் வினை எதிர்கால வடிவத்தில் நிற்கிறது. பழக்கத்தைச் சொல்ல நம் வழி அது. பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் 'போவோம், சொல்வார், வலிக்கும்' வருகிற இடத்தில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'மெர்ஜாம்' வடிவம். புத்தகத்தில் இதற்கு இம்பெர்ஃபெக்த் என்று பெயர். 'போய்க்கொண்டிருந்தேன், பேசிக்கொண்டிருந்தோம்' வருகிற இடத்திலும் பெரும்பாலும் அதுவேதான்.

'போனேன், சொன்னார், வலித்தது' என்று ஒரு காரியம் நடந்து முடிந்ததைச் சொல்லும் இடத்தில் 'ஆம் மெர்ஸ்' வடிவம். இதற்குப் பெயர் பெர்ஃபெக்த் கொம்பூஸ். நீங்கள் 'வா துரூத் கின்த் ஆத்ஸ் மெர்ஸ்' என்று கேட்டது, பாட்டி காதில் 'நீங்கள் போனீர்களே, அப்போது வலித்ததா' என்று விழுந்திருக்கும். எந்தப் பயணத்தைச் சொல்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டது முழுக்க நியாயம்.

மூன்றாவது ஒரு அடையாளமும் இருக்கிறது. தமிழில் வினையே இல்லாமல் நிற்கிற வாக்கியங்கள் உண்டு இல்லையா, 'அப்போது எனக்குப் பத்து வயது', 'அப்போது மணி எட்டு', 'அவர் அந்த ஊர் வாத்தியார்.' இப்படி ஒரு நிலையைச் சொன்னால் இம்பெர்ஃபெக்த். 'அவ்யாம் ஸேச்செ ஆன்' என்றால் எனக்குப் பத்து வயது. இங்கே போய் 'ஆம் அவூத்' என்றால் கேட்பவருக்கு உறுத்தும். மணியும் அப்படித்தான், 'யெரா ஓரா ஓப்த்.' அப்புறம் 'எனக்குத் தெரியாது அப்போது' என்பதை நாம் 'தெரியவில்லை' என்று சொல்லாமல் 'தெரியாது' என்கிறோம் பாருங்கள், அதுவும் 'நு ஷ்தியாம்.'

வடிவத்தை நினைவில் வைப்பதற்கு ஒன்று சொல்கிறேன். துணைவினை ஆறு: ஆம், ஆய், ஆ, ஆம், ஆத்ஸ், ஆவ். நான், நீ, அவன் அல்லது அவள், நாம், நீங்கள், அவர்கள். இந்த ஆறும் வினைக்கு முன்னால் தனியாக நின்றால் காரியம் முடிந்தது: ஆம் மெர்ஸ், ஆய் மெர்ஸ், ஆ மெர்ஸ், ஆம் மெர்ஸ், ஆத்ஸ் மெர்ஸ், ஆவ் மெர்ஸ். இதே ஆறு ஒலிகளும் வினையின் வாலில் ஒட்டினால் இம்பெர்ஃபெக்த்: மெர்ஜாம், மெர்ஜாய், மெர்ஜா, மெர்ஜாம், மெர்ஜாத்ஸ், மெர்ஜாவ். ஒரே ஆறு துண்டு, தலையில் வைப்பதா வாலில் வைப்பதா என்பதுதான் கேள்வி. 'நான்' வடிவமும் 'நாம்' வடிவமும் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வரும் இடத்தில் மட்டும் 'யெவ்' (நான்) அல்லது 'நோய்' (நாம்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நேரம் வந்துவிட்டது, -ஆத், -ஊத் கேள்விக்கு இரவில் வருகிறேன்.

வடமராட்சியான் எழுதியது:

அந்த -ஆத், -ஊத், -ஸ் கேள்விக்கு நான் எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன், அண்ணன் இரவில் வந்து பிழை இருந்தால் திருத்தட்டும். நான் புக்கரெஸ்டில் பேக்கரியில் வேலை செய்கிறேன், எங்கள் ஆட்கள் இலங்கையிலிருந்து வந்து இங்கே நிறையப் பேர் வேலை செய்கிறோம். வகுப்புக்குப் போக நேரம் கிடைத்ததில்லை, காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் கற்ற மொழி.

நான் முதலில் படித்தது கடைக் கதவுகளை. 'தெஸ்கீஸ்' என்றால் திறந்திருக்கு, 'இன்கீஸ்' என்றால் மூடியிருக்கு. 'இன்தெர்ஸீஸ்' என்றால் தடை. வீட்டின் மேல் 'வின்தூத்' என்று பலகை இருந்தால் வித்தாச்சு. உணவகத்தில் மேசைமேல் 'ரெஸெர்வாத்.' அது எல்லாம் வினைச்சொல்லின் இறந்தகால வடிவம் என்று எனக்கு ஆறேழு மாதம் கழித்துத்தான் விளங்கியது. 'ஆம் இன்கீஸ்' என்று முன்னால் ஆம் போட்டால் நான் மூடினேன். அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு சாப்பாடு. 'ஓவ் ஃபியெர்த்' அவித்த முட்டை. 'அர்தேய் கோப்த்ஸ்' சுட்ட மிளகாய், அது காரமில்லாத பெரிய மிளகாய், தோலை உரித்துச் சாப்பிடுவார்கள். 'கர்தோஃப் ப்ரஜீத்ஸ்' பொரித்த உருளைக்கிழங்கு. குளிர்காலத்தில் தெருவில் 'வின் ஃபியெர்த்' விற்பார்கள், காய்ச்சின வைன். இப்ப பாருங்கள், நாங்களும் 'அவித்த, சுட்ட, பொரித்த' என்று இறந்தகாலத்தில்தான் சொல்கிறோம், 'அவிக்கிற முட்டை' என்று கேட்டு வாங்க மாட்டோம். அவர்களும் அதே. ஃபியெர்த் தெரிந்தால் 'ஆம் ஃபியெர்த்' அவித்தேன் என்பது தானாக வரும். இந்த -த் என்று அழுத்தி முடிகிற கூட்டம் சின்னது, அதில் பாதி அடுப்படியில் கிடக்கிறது. கோப்த், ஃபியெர்த், ஃப்ரீப்த் (வாட்டினது). வெளியே ரூப்த் (கிழிந்தது), ஸ்பார்த் (உடைந்தது).

தங்கச்சி, ஒரு விஷயம் நேராகச் சொல்கிறேன். நான் இரண்டு வருடம் 'ஆம்' வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு சமாளித்தேன். எல்லாருக்கும் நான் கதைத்தது விளங்கியது. முதலில் அதை நல்லா வாயில் வரவையுங்கள், வாலில் ஒட்டுகிறதைப் பிறகு பார்க்கலாம் என்பது என் கருத்து.

பழைய_கிளுஜ்காரன் எழுதியது:

தம்பி, கதவுப் பலகையும் மெனு அட்டையும் வைத்து நீங்கள் சொன்னதை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை, அருமை. ஆனால் கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை. பேக்கரியில் 'மாவு வந்தது, அடுப்பை அணைத்தேன், அவன் போனான்' என்று முடிந்த காரியங்களைத்தான் அதிகம் பேசுவோம், அங்கே ஒரு வடிவம் போதும். இந்தப் பெண் கேட்க வேண்டியதெல்லாம் 'தூங்குவீர்களா, பசி எடுக்குமா, படியேறினால் மூச்சு வாங்குமா' என்பது. அவருக்கு முதல் நாளிலிருந்தே இரண்டும் வேண்டும்.

சரி, வடிவங்களுக்கு வருவோம். ஒழுங்கு இருக்கிறது, முழுக்க மனப்பாடம் இல்லை.

வினையின் மூல வடிவம் -ஆ என்று முடிந்தால் -ஆத். லுக்ரா, லுக்ராத் (வேலை செய்). மின்கா, மின்காத் (சாப்பிடு). இதில் நடுவில் உள்ள ஒலி உண்மையில் 'இ' இல்லை, நம் 'காது, பாக்கு' என்ற சொற்களின் கடைசியில் வருகிற குற்றியலுகரம் மாதிரியான ஒலி. தமிழ் பேசுகிறவர்களுக்கு அது சுலபமாக வரும், மற்றவர்கள் இதற்கு ரொம்பச் சிரமப்படுவார்கள். இந்த ஒரே ஒலிக்கு ரோமானியத்தில் இரண்டு எழுத்து, சொல்லின் நடுவில் ஒன்று, முதலிலும் கடைசியிலும் இன்னொன்று. 1993-இல் அவர்களுடைய அகாதெமி முடிவு செய்த எழுத்துமுறை அது. அதனால் 'தீர்மானி' என்ற வினையில் இந்த ஒலி கடைசியில் வரும்போது ஒரு எழுத்து, இறந்தகாலத்தில் -த் சேர்ந்து நடுவுக்குப் போனதும் வேறு எழுத்து. ஒலி மாறவில்லை, பயப்பட வேண்டாம்.

-ஈ என்று முடிந்தால் -ஈத். தொர்மீத் (தூங்கு), வெனீத் (வா), வொர்பீத் (பேசு). கடைசியில் அழுத்தம் விழுகிற -யா வினைகளுக்கு -ஊத். வெத்யா, வஸூத் (பார்). புத்யா, புதூத் (முடி, அதாவது இயலுதல்). ப்யா, பவூத் (குடி).

தொல்லை எல்லாம் -எ என்று முடிகிற கூட்டத்தில். அது -ஊத், -ஸ், -த் என்று மூன்றாகப் பிரிகிறது. ஃபாச்செ (செய்) ஃபகூத். மெர்ஜெ, மெர்ஸ். ஸ்க்ரீயெ (எழுது) ஸ்க்ரீஸ். பூனெ (வை) பூஸ். ரூபெ, ரூப்த். வேரின் கடைசியில் த, ஜ, ன போன்ற ஒலி இருந்தால் -ஸ் வர நிறைய வாய்ப்பு உண்டு, ஆனால் 'வின்தெ' (வில்) வின்தூத், 'பியெர்தெ' (தொலை) பியெர்தூத் என்று மாறி வருவதும் இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது ஐம்பது வினை எழுதினால் அன்றாடப் பேச்சு அடங்கிவிடும்.

இதில் மனம் தளர வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இறந்தகால இடைநிலை த், ட், ற், இன் என்று படித்தோமே. செய்தான், கண்டான், நின்றான், ஓடினான். தமிழ் படிக்க வருகிற வெளிநாட்டுக்காரர் 'நில்' எப்படி 'நின்றான்' ஆனது என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? நமக்கு அது கேட்டுக் கேட்டு வந்தது. 'மெர்ஜெ, மெர்ஸ்' அவர்களுக்கு அப்படி.

ஒரு முக்கியமான வினை இந்த ஒழுங்கு எதிலும் வராது: 'இரு' என்பது 'ஃபோஸ்த்.' அது தனி.

புதுவை_வாசகன் எழுதியது:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் புதுச்சேரி, பிரெஞ்சு படித்தவன், ரோமானியம் நான்கு மாதமாகக் கற்றுக்கொள்கிறேன். பிரெஞ்சில் 'போ, வா' மாதிரியான வினைகளுக்குத் துணைவினையே வேறு, 'இரு' என்பதைப் போட வேண்டும், பெண் என்றால் பின்னால் வரும் சொல்லிலும் ஒரு எழுத்து கூடும். ரோமானியத்திலும் அப்படி உண்டா? நான் பழக்கத்தில் 'யா யெஸ்தெ வெனீத' என்று எழுதினேன், என்னோடு படிக்கிறவர் தவறு என்றார்.

பழைய_கிளுஜ்காரன் எழுதியது:

அவர் சொன்னது சரி. 'யா ஆ வெனீத்', அவள் வந்தாள். 'யெல் ஆ வெனீத்', அவன் வந்தான். எல்லா வினைக்கும் ஒரே துணைவினைதான், பின்னால் வரும் சொல் ஆண், பெண், பன்மை எதற்கும் அசையாது. பிரெஞ்சில் பட்ட பாடெல்லாம் இங்கே இல்லை.

ஆனால் செயப்பாட்டு வினையில் அசையும். இது மருத்துவம் படிக்கிறவருக்கு உடனே தேவைப்படும், அதனால் சொல்கிறேன். 'உங்களுக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா' என்று ஆணிடம் 'ஆத்ஸ் ஃபோஸ்த் ஒபெராத்?', பெண்ணிடம் 'ஆத்ஸ் ஃபோஸ்த் ஒபெராத?' இங்கே 'ஃபோஸ்த்' மாறாது, அதற்குப் பின்னால் வருவது மட்டும் மாறும்.

இன்னொரு எச்சரிக்கை. துணைவினையும் 'என்னிடம் இருக்கிறது' என்ற முழு வினையும் ஒன்றிலிருந்து வந்தவைதான், ஆனால் வடிவம் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. 'அவனிடம் இருக்கிறது' என்றால் 'ஆரெ', துணைவினை என்றால் வெறும் 'ஆ'. 'நம்மிடம்' என்றால் 'அவேம்', துணைவினை 'ஆம்'. 'உங்களிடம்' என்றால் 'அவேத்ஸ்', துணைவினை 'ஆத்ஸ்'. 'ஆரெ மெர்ஸ்' என்று ஒரு வடிவமே கிடையாது. அப்புறம், அகராதியில் வினைகளுக்கு முன்னால் ஒரு 'ஆ' நிற்கும், 'ஆ மெர்ஜெ' என்றால் 'போதல்.' அந்த 'ஆ' வேறு, 'ஆ மெர்ஸ்' என்பதில் உள்ள 'ஆ' வேறு.

மூன்றாம்_ஆண்டு எழுதியது:

அண்ணா, 'வலிக்குமா' என்று நானே எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டினீர்களே, அதைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக இதை யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் இருந்தேன்.

நேற்று முழுக்க வார்டில் நோயாளிகள் பேசுவதைத் தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சில இடம் ஆச்சரியமாகப் பொருந்தியது. ஒருவர் 'ம த்வாரெ தெ த்ரேய் ஸீலெ' என்றார், 'மூன்று நாளாக வலிக்கிறது.' நிகழ்காலம்! ஆங்கிலத்தில் நினைத்திருந்தால் இதையும் இறந்தகாலத்தில் போட்டிருப்பேன். இன்னொருவர் 'ம்யா ஃபோஸ்த் ஃப்ரீக' என்றார், எனக்குப் பயமாக இருந்தது. 'நான் பயந்தேன்' என்று இல்லை, 'எனக்கு' என்றே வருகிறது. 'ம்யெரா ஃப்வாமெ', எனக்குப் பசித்தது. 'ம்யா ப்லகூத்', எனக்குப் பிடித்தது. ஒவ்வொன்றும் நம் 'எனக்கு.'

ஒரு இடத்தில் மட்டும் இடித்தது. 'நேற்று நாள் முழுக்க மழை பெய்துகொண்டே இருந்தது' என்று நினைத்து வாலில் ஒட்டிச் சொன்னேன், ஒரு செவிலியர் 'ஆ ப்லொவாத் த்வாத ஸீவா' என்று திருத்தினார். ஏன்?

இன்னொரு கேள்வி, 'அவனைப் பார்த்தேன்', 'அவளைப் பார்த்தேன்' இதில் அந்தச் சின்னச் சொற்கள் எங்கே போகும்?

பழைய_கிளுஜ்காரன் எழுதியது:

'நாள் முழுக்க', 'இரண்டு வருடம்', 'எட்டு மணி வரை' என்று கால அளவை வேலி கட்டிச் சொல்லிவிட்டால், எவ்வளவு நேரம் நீடித்திருந்தாலும் அது முடிந்த காரியம். அதனால் 'ஆ ப்லொவாத்.' வேலி இல்லாமல், 'நான் வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது' என்றால் 'ப்லொவா' என்று வாலில் ஒட்டும். 'கொண்டிருந்தது' என்ற ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாத இடம் இது, நல்ல வேளை கேட்டீர்கள்.

சின்னச் சொற்கள்: பெரும்பாலும் துணைவினையோடு முன்னாலேயே ஒட்டிக்கொள்ளும். 'லாம் வஸூத்', அவனைப் பார்த்தேன். 'யாம் ஸ்பூஸ்', அவரிடம் சொன்னேன். 'ம்யா தாத்', எனக்குக் கொடுத்தார். 'மாம் தூஸ்', போனேன். 'இல்லை' என்ற 'நு'வும் ஒட்டும், 'நாம் வஸூத்' என்றால் பார்க்கவில்லை. 'நாம்' என்று கேட்டதும் தமிழ்க் காது 'நாம் பார்த்தோம்' என்று எடுத்துக்கொள்ளும், முதல் சில மாதம் அதில் கவனமாக இருங்கள்.

'அவளை' மட்டும் பின்னால் போகும். 'ஆம் வஸூதோ', அவளைப் பார்த்தேன். ஏன் இந்த ஒன்று மட்டும் பின்னால் போகிறது என்று யோசித்தால், 'ஓ ஆம்' என்று இரண்டு உயிரெழுத்து மோதுவது காரணமாக இருக்கலாம், காரணம் எதுவோ, நாக்கு பழக வேண்டும். தினமும் பத்து முறை 'லாம் வஸூத், ஆம் வஸூதோ' என்று மாறி மாறிச் சொல்லுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு இரண்டு சின்ன விஷயம். 'ஃபோஸ்த்' என்பதை இருந்தேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 'ஆம் ஃபோஸ்த் லா பியாத்ஸ' என்றால் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். 'மாம் தூஸ்' என்றால் போனேன், திரும்பினேனா என்பது அதில் இல்லை. நாங்கள் 'போய்ட்டு வந்தனான்' என்று சொல்வது போல ஒரு சொல்.

மற்றது 'மாய்' என்ற சொல். அது துணைவினைக்கும் வினைக்கும் நடுவில் நிற்கும். 'ஆத்ஸ் மாய் ஃபோஸ்த் ஐச்?', இதுக்கு முன்னமும் இங்கே வந்திருக்கிறீர்களா. டாக்டர்மார் இதை நிறையக் கேட்பார்கள், என்னிடமும் கேட்டார்கள். நடுவில் 'தெ' வந்தால் கதையே மாறிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆம் லுக்ராத்' வேலை செய்தேன். 'ஆம் தெ லுக்ராத்' எனக்குச் செய்ய வேலை கிடக்கு.

வார்டு பற்றி அண்ணன் சொன்னது சரிதான், அங்கே இரண்டும் வேண்டும், நான் என் வேலைத்தளத்தை வைத்துச் சொல்லிவிட்டேன். இப்ப யோசித்தால் எனக்கும் அது இல்லாமல் கஷ்டமாகத்தான் இருந்திருக்கு. அம்மாவைப் பற்றி ஒருவரிடம் சொல்ல வெளிக்கிட்டு, 'அம்மா விடிய நாலு மணிக்கு எழும்புவா, அப்பம் சுடுவா' என்று சொல்ல நினைத்து 'எழும்பினா, சுட்டா' என்று சொல்லி, அவர் அது ஏதோ ஒரு நாள் நடந்த கதை என்று நினைத்துக் கடைசி வரைக்கும் 'பிறகு என்ன நடந்தது' என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா உயிரோடு இல்லை. அவவைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியாமல் போனது எனக்குப் பெரிய கவலை. அதுக்குப் பிறகுதான் வாலில் ஒட்டுகிறதைப் படித்தேன்.

ஓல்தேனியா_மருமகள் எழுதியது:

தம்பி, கடைசியில் எழுதியதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. நன்றாகச் சொன்னீர்கள்.

நான் க்ரயோவா பக்கம் கல்யாணம் ஆகி வந்தவள், ஒன்பது வருடம். மூன்றாவதாக ஒரு இறந்தகாலம் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பெயர் பெர்ஃபெக்த் ஸிம்ப்லு. துணைவினை கிடையாது. நாட்டின் மற்ற பகுதிகளில் பேச்சில் அநேகமாக இல்லை, நாவல்களில் 'என்றான், கேட்டாள்' என்று வருமே அந்த இடத்தில் 'ஸீஸெ' என்று நிற்கும். எங்கள் ஓல்தேனியாவில், அதாவது க்ரயோவா இருக்கிற தென்மேற்குப் பகுதியில், அது இன்னும் உயிரோடு இருக்கிறது, அதுவும் இன்றைக்கு, கொஞ்ச நேரம் முன்னால் முடிந்த காரியத்துக்குத்தான். நேற்று நடந்தது என்றால் எங்கள் வீட்டிலும் 'ஆம் மின்காத்' என்றுதான் சொல்வார்கள்.

வந்த புதிதில் மாமியார் மதியம் சமையலறைக்குள் வந்து 'மின்காஷ்?' என்று கேட்பார். நான் படித்த புத்தகத்தில் இந்த வடிவத்துக்கு 'இலக்கிய வழக்கு' என்று ஒரு வரியோடு முடித்திருந்தார்கள். என் காதில் அது புரியாத ஒரு சொல். நான்காவது நாள் கணவர் சொன்னார், 'சாப்பிட்டியா' என்று கேட்கிறார்கள் என்று. எங்கள் திருநெல்வேலி வீட்டில் அம்மா 'சாப்ட்டாச்சா' என்று கேட்கிற அதே நேரம், அதே குரல். 'மின்காய்', சாப்பிட்டாச்சு. இவ்வளவுதான் பதில். அன்றைக்கு அந்தப் பதிலைச் சொன்னதும் மாமியார் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

யாஷில் உங்களுக்கு இது தேவைப்படாது தங்கச்சி. ஆனால் இந்தப் பக்கத்து நோயாளி யாராவது வந்து 'வெனீ' என்று சொன்னால், இப்போதுதான் வந்தேன் என்று அர்த்தம்.

பழைய_கிளுஜ்காரன் எழுதியது:

அக்கா சொன்னதுக்கு ரொம்ப நன்றி, கிளுஜில் இருந்துகொண்டு நான் அதைக் காதால் கேட்டதே குறைவு.

மூன்று வந்துவிட்டது, நான்காவதையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 'போயிருந்தது, செய்திருந்தேன்' என்று நாம் சொல்கிற இடம். 'கின்த் ஆம் அஜூன்ஸ் லா கார, த்ரேனுல் ப்லெகாஸெ', நான் நிலையத்துக்கு வந்தபோது ரயில் கிளம்பிப் போயிருந்தது. பிரெஞ்சு, இத்தாலியம் எல்லாம் இதற்கும் துணைவினை வைக்கும், ரோமானியத்தில் ஒரே சொல்லாக வாலில் -ஸெ வைத்துச் சொல்கிறார்கள், லத்தீனிலிருந்து வந்த வடிவம். பேச்சில் இதைப் புரிந்துகொண்டால் போதும், சொல்ல வேண்டிய கட்டாயம் குறைவு.

'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா, 'தாக ஷ்தியாம், வென்யாம்.' இரண்டு இம்பெர்ஃபெக்த், அவ்வளவுதான். நீளமான வடிவமும் இருக்கிறது, ஆனால் வீட்டில், கடையில் இதுதான் ஓடுகிறது.

அப்புறம் மரியாதைக்கு ஒன்று. பெரிய மருத்துவரிடமோ அலுவலகத்திலோ ஏதாவது கேட்கப் போனால் 'வோயாம் ஸ வ இன்த்ரேப் ச்சேவா' என்று ஆரம்பியுங்கள். நாம் 'ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்று இறந்தகாலத்தில் தயங்கித் தொடங்குவோமே, அதேதான். 'வ்ரெயாவ்', எனக்கு வேண்டும் என்று நேராகத் தொடங்குவதைவிட முகங்கள் மலர்வதைப் பார்ப்பீர்கள். தெருவில் 'வ்ரோயாம்' என்றும் காதில் விழும், எழுதும்போது 'வோயாம்' என்றே எழுதுங்கள்.

மூன்றாம்_ஆண்டு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், தேர்வு இருந்தது.

அந்தப் பாட்டி இன்னும் எங்கள் வார்டில்தான் இருக்கிறார். இன்று காலை நான் தனியாகப் போய் உட்கார்ந்து, முதலில் 'வோயாம் ஸ வ இன்த்ரேப் ச்சேவா' என்றேன். சொல்லு என்றார். இங்கே வருவதற்கு முன்னால் இரவில் தூங்குவாரா என்று தமிழில் மனதுக்குள் சொல்லிக்கொண்டு, 'தொர்ம்யாத்ஸ் பினெ?' என்று கேட்டேன். தூங்க மாட்டாராம், வலது காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் கொஞ்சம் கண் அசருமாம், அப்படியே உட்கார்ந்து விடிய விடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். காலைத் தொங்கவிட்டால் வலி குறைவது ரத்தக் குழாய் சுருங்கினவர்களுக்கு வருகிற அறிகுறி, முந்தின குறிப்புகளில் அது இல்லை. உடனே போய் மருத்துவரிடம் சொன்னேன், பாட்டி சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன், வாலோடு.

பிற்பகல் காலின் ரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்க எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வடமராட்சியான் எழுதியது:

முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள் தங்கச்சி. பாட்டியிடம் 'வஸ் ஸிம்த்ஸீத்ஸ் மாய் பினெ?', இப்ப கொஞ்சம் சுகமா என்று நாங்கள் கேட்டதாகச் சொல்லுங்கள். அது நிகழ்காலம், பிழை வராது.

ஓல்தேனியா_மருமகள் எழுதியது:

தம்பி, 'வ ஸிம்த்ஸீத்ஸ்'. 'வ'வுக்குப் பின்னால் 'ஸ்' வராது. மற்றபடி அப்படியே கேட்கட்டும்.